கோகிரிப்ட்எஃப்எஸ், சிரிகாலி: திறப்பு இருந்தும் திறக்காத ஒரு கிழமைக்குப் பிறகு

மூன்று வருடமாகப் பாவிக்கும் மென்பொருளுக்கு இப்போதுதான் விமர்சனம் எழுதுகிறேன். போன கார்த்திகையில் அது திறக்க மறுத்ததுதான் காரணம். பூட்டை வாங்கிய அன்றைக்கே ஐந்து நட்சத்திரம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அது விளங்குவதில்லை, வாங்கிய அன்றைக்கு எந்தப் பூட்டும் வடிவாகத்தான் திறக்கும்.

பாவிக்கும் சாமான் இரண்டு. கோகிரிப்ட்எஃப்எஸ் ஒரு கோப்புறைக்குள் இருக்கிற எல்லாவற்றையும் மறைகுறியாக்கி, அதாவது மற்றவர்கள் வாசிக்க முடியாதபடி பூட்டி வைக்கும், கடவுச்சொல்லைக் கொடுத்தால் இன்னொரு கோப்புறையில் சாதாரணக் கோப்புகளாகக் காட்டும். அதற்குச் சொந்தமாக ஜன்னல் கிடையாது, கட்டளைகளைத் தட்டிக் கொடுக்கும் டெர்மினலில்தான் ஓடும். சிரிகாலி அதற்கு முன்னால் நிற்கும் ஜன்னல், பட்டனை அழுத்தினால் பின்னால் கோகிரிப்ட்எஃப்எஸ்ஸைக் கூப்பிடும். பெயர் சுவாஹிலி மொழி, அதில் சிரி என்றால் இரகசியம். எனக்கு முதல் நாளே சிரி, காலி என்று இரண்டு தமிழ்ச் சொல்லாகத்தான் காதில் விழுந்தது, பிறகு ஒரு நாள் அந்தப் பகிடி என் தலையிலேயே வந்து விடிந்தது. இரண்டும் இலவசம், லினக்ஸ் மின்ட் இயங்குதளத்தின் மென்பொருள் களஞ்சியத்திலேயே இருக்கின்றன, போடுவதற்குத் தேத்தண்ணீர் குடிக்கும் நேரம்கூட வேண்டாம்.

எனக்கு இது ஏன் தேவைப்பட்டது என்று சொல்ல வேண்டும். திருகோணமலையில் மத்திய வீதியிலிருந்து உள்ளே போகும் குறுக்குத் தெரு ஒன்றில் சின்னக் கடை வைத்திருக்கிறேன். போட்டோக் கொப்பி, டைப்பிங், ஸ்கேன், ஒன்லைன் விண்ணப்பம், இவ்வளவுதான். மூதூர், கிண்ணியா, தம்பலகாமம் பக்கத்திலிருந்து ஆட்கள் காணி உறுதியும் பிறப்பு அத்தாட்சிப் பத்திரமும் அடையாள அட்டையும் கொண்டுவந்து ஸ்கேன் பண்ணுவார்கள், அதில் கனபேர் போகும்போது "தம்பி, ஒரு கொப்பி உங்களிட்டயும் கிடக்கட்டும்" என்பார்கள். இடம்பெயர்ந்தபோது ஒரு தரமும் 2004இல் கடல் வந்தபோது ஒரு தரமும் கடதாசிகளைத் தொலைத்தவர்களிடம் முடியாது என்று எப்படிச் சொல்வது. அப்படிச் சேர்ந்து சேர்ந்து மற்றவர்களின் சீவியம் முழுவதும் என் லப்டொப்பில் கிடக்கிறது. கடையில் யாரும் வந்து யூஎஸ்பி குத்துகிற சூழல். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்றும் வந்துவிட்டது. சட்டம் வராவிட்டாலும் அடுத்தவன் உறுதியைத் திறந்த வீட்டில் போட்டுவைக்க மனம் வராது.

பெட்டி போல ஒரே பெரிய கோப்பாகப் பூட்டுகிற வெராகிரிப்ட் முதலில் பாவித்தேன். நல்ல சாமான். ஆனால் நான் கோப்புகளை இணையச் சேமிப்பு ஒன்றோடும் ஒத்திசைக்கிறேன், அதாவது இங்கே மாறுவது அங்கேயும் தானாக மாறும், பெட்டிக்குள் ஒரு பக்கம் மாறினாலும் பெட்டி முழுவதும் மாறியதாகக் கணக்கெடுத்து மறுபடி ஏற்றத் தொடங்கிவிடும், மாரி மழையில் இங்கே கிடைக்கிற இணைப்புக்கு அது சரிவராது. கோகிரிப்ட்எஃப்எஸ் ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியாகப் பூட்டுவதால் மாறியது மட்டும் போகும். இதே மாதிரி வேலை செய்த பழைய என்க்எஃப்எஸ் என்ற மென்பொருளை 2014இல் டெய்லர் ஹோர்ன்பி என்ற பாதுகாப்பு ஆய்வாளர் பிரித்துப் பார்த்துக் குறைகளை வெளியிட்ட பிறகு அதை ஒருவருக்கும் சொல்ல முடியாமல் போனது. அதே ஆள் 2017இல் கோகிரிப்ட்எஃப்எஸ்ஸையும் ஆய்வு செய்தார். அந்த அறிக்கை பற்றிக் கீழே சொல்கிறேன், எனக்கு அதோடு ஒரு தனிக் கணக்கு இருக்கிறது.

அன்றாடப் பாவனையில் குறையே இல்லை. கோப்பை 4096 பைட் துண்டுகளாக வெட்டி ஒவ்வொரு துண்டையும் ஏஇஎஸ்-256 ஜிசிஎம் என்ற மறைகுறியாக்க முறையில் பூட்டுகிறது, துண்டுக்கு 32 பைட் மேலதிகமாகச் சேர்க்கிறது, அதாவது நூற்றுக்கு ஒன்றுகூட வராது. என்னுடைய பழைய லப்டொப்பில் ஸ்கேன் பண்ணிய பிடிஎஃப்களைத் திறக்கும்போது பூட்டு ஒன்று இடையில் இருப்பதே தெரியாது. கடையைப் பூட்டும்போது சிரிகாலியில் ஒரு சொடுக்கு, எல்லாம் மறைந்துவிடும்.

சரி, கார்த்திகைக்கு வருவோம்.

அன்று காலையில் கடவுச்சொல்லைக் கொடுத்தேன், ஏற்றுக்கொண்டது, கோப்புறைகள் வழமைபோல வந்தன. "உறுதி" என்ற கோப்புறைக்குள் போனால் உள்ளீடு வெளியீட்டுப் பிழை என்று ஒரு பெட்டி, உள்ளே காலி. பக்கத்துக் கோப்புறை நன்றாகத் திறந்தது. இன்னும் மூன்று அதே மாதிரிக் காலி. சிரி, காலி. இந்தப் பிழைச் செய்தி யாருக்கு வந்தாலும் முதலில் ஹார்ட் டிஸ்க் மேல்தான் சந்தேகம் போகும், அதுவும் டச்பே கடற்கரைப் பக்கத்தில் குடியிருப்பவனுக்குக் கேட்கவே வேண்டாம், உப்புக் காற்று இரண்டு வருடத்தில் யூஎஸ்பி துளையையே பச்சையாக்கிவிடும். டிஸ்க்கைப் பரிசோதிக்கும் கருவியை ஓடவிட்டேன், சுகமாக இருக்கிறது என்றது. நம்பாமல் கேபிள் ஒன்றும் புதிதாக வாங்கினேன். அது இப்போதும் பெட்டி பிரிக்காமல் கிடக்கிறது, யாருக்காவது வேண்டுமென்றால் கேளுங்கள்.

இங்கேதான் என் முதல் முறைப்பாடு. கோகிரிப்ட்எஃப்எஸ் பின்னணியில் ஓடத் தொடங்கியதும் தன் புலம்பலை எல்லாம் கணினியின் பதிவேட்டில் எழுதிவிடும். ஜன்னல் வழியாகப் பாவிக்கிறவன் பதிவேட்டுப் பக்கம் போகமாட்டான். நான் இரண்டு நாள் கழித்துத்தான் பதிவேட்டைக் காட்டும் ஜேர்னல்சிடிஎல் கட்டளையைத் தட்டிப் பார்த்தேன், முதல் பக்கத்திலேயே பதில் எழுதிக் கிடந்தது: கோகிரிப்ட்எஃப்எஸ்.டிர்ஐவி என்ற கோப்பை வாசிக்க முடியவில்லை. முன்னணியில் ஓடச்சொல்லும் எஃப்ஜி தெரிவோடு டெர்மினலில் திறந்திருந்தால் அதே வரி கண்ணுக்கு முன்னாலேயே வந்திருக்கும். இரண்டு நாளும் ஒரு கேபிளும் மிச்சம்.

டிர்ஐவி என்பது என்ன என்று சொல்லாமல் மேலே போனால் விளங்காது. பூட்டிய கோப்புறைகளை வெளியிலிருந்து பார்த்தால் ஒவ்வொன்றுக்குள்ளும் இந்தப் பெயரில் 16 பைட் நீளக் கோப்பு ஒன்று இருக்கும். திறந்து பார்த்தால் குப்பை எழுத்து. அது தற்போக்காக எடுத்த ஒரு எண், அந்தக் கோப்புறையில் உள்ள பெயர்களைப் பூட்டும்போது திறப்போடு சேர்ந்து இதுவும் போகும், அதனால்தான் ஒரே பெயர் இரண்டு கோப்புறையில் இருந்தாலும் வெளியில் வேறு வேறாகத் தெரியும். அது இல்லாமல் போனால் உள்ளே இருக்கும் ஒரு பெயரையும் வாசிக்க முடியாது. பெயரை வாசிக்க முடியாவிட்டால் கோப்பைக் காட்டவும் முடியாது.

அப்படியென்றால் அது எங்கே போனது? அக்காவின் மகன் ஏஎல் பரீட்சை எழுதிவிட்டு முடிவு வரும்வரை கடையில் வந்து நிற்கிறான். விண்டோஸ் கணினியில் அவன்தான் வேலை. அந்தக் கணினியிலும் அதே ஒத்திசைவுக் கோப்புறை இருக்கிறது. கேட்டேன்.

"மாமா, அதுக்குள்ள ஒரே பேர்ல கனக்கக் குப்பைக் கோப்பு கிடந்தது, 16 பைட்தான், திறந்தா ஒண்டும் இல்ல. இடத்தப் பிடிக்குது எண்டு நாலஞ்சு துடைச்சனான். பிறகு ஆள் வந்திட்டினம்."

"ரீசைக்கிள் பின்?"

"அதையும் துடைச்சிட்டன் மாமா."

இணையத்தில் இருந்த குப்பைத்தொட்டியையும் பார்த்தேன், அங்கேயும் சுத்தம். பிள்ளை வேலை என்றால் வேலைதான். அவனை ஏசவும் முடியவில்லை, அந்தக் கணினியில் அந்தக் கோப்புறையைத் திறந்து விட்டவன் நான். விண்டோஸ் பக்கத்தில் அழித்தது ஒத்திசைவு வழியாக எனக்கும் வந்து சேர்ந்துவிட்டது. தலைக் கோப்புறையில் கோகிரிப்ட்எஃப்எஸ்.கான்ஃப் என்று இன்னொன்று இருக்கிறது, கோப்புகளை உண்மையில் பூட்டுகிற மாஸ்டர் திறப்பு கடவுச்சொல்லால் பூட்டப்பட்டு அதற்குள்தான் இருக்கும். அதை மட்டும் தொடவில்லை, "கான்ஃப் எண்டு இருந்தது, முக்கியம்போல" என்றான். தப்பினேன்.

இப்போது விமர்சனத்தின் முக்கியமான பகுதி, உடைந்த பிறகு இந்தச் சாமான் எவ்வளவு தூரம் கைகொடுத்தது என்பது.

முதலில் ஒத்திசைவை நிறுத்திவிட்டு உடைந்த கோப்புறைகளை அப்படியே வேறு டிஸ்க்கில் நகல் எடுத்தேன். இதைச் செய்யாமல் எதையும் தொடாதீர்கள். அப்புறம் கைநூலை உட்கார்ந்து வாசித்தேன், கோகிரிப்ட்எஃப்எஸ்ஸின் கைநூல் நல்ல எழுத்து, சுற்றிவளைப்பு இல்லை. அதில் ஒரு விஷயம் பிடிபட்டது. கோப்பின் உள்ளடக்கத்தைப் பூட்டுவதில் அதன் பெயருக்கோ டிர்ஐவிக்கோ ஒரு வேலையும் இல்லை. ஒவ்வொரு கோப்பின் தலைப்பகுதியிலும் அதற்கென்று ஓர் அடையாள எண் இருக்கிறது, துண்டுகள் அந்த எண்ணோடும் தங்கள் வரிசை எண்ணோடும் கட்டப்பட்டிருக்கின்றன, அவ்வளவுதான். ஆக, மாஸ்டர் திறப்பு இருந்தால் பெயர் போனாலும் உள்ளடக்கம் போகவில்லை.

மாஸ்டர் திறப்பு என்பது முதல் நாள் பூட்டை உண்டாக்கும்போது திரையில் ஒரே ஒரு தரம் காட்டும் 64 எழுத்துகள், எட்டு எட்டாகப் பிரித்திருக்கும், இதை அச்சிட்டுப் பத்திரமாக வையுங்கள் என்று சொல்லும். நான் அச்சிட்டுப் பத்திரமாக வைத்தேன். எங்கே என்பதுதான் கேள்வி. ஒரு நாள் முழுவதும் அலுமாரி, மேசை லாச்சி, அம்மாவின் கோயில் பைக்கட்டு, பழைய பில் புத்தகங்கள் எல்லாம் கிளறினேன். கோட்டைப் பக்கத்து மான்கள் வீதிக்கு வந்தால் கடதாசியையும் விடாது, அதுகளில் ஒன்று தின்றிருக்குமோ என்றுகூட யோசித்தேன். கடைசியில் கடதாசி தேவையே இல்லை என்று தெரிந்தது: கடவுச்சொல்லும் கான்ஃப் கோப்பும் கையில் இருந்தால், கூடவே வரும் எக்ஸ்ரே என்ற சின்னக் கருவி மாஸ்டர் திறப்பை எடுத்துத் தரும். அது தெரியாமல் அலுமாரியைத் துப்புரவாக்கியதில் வீட்டில் மட்டும் ஒருவருக்குச் சந்தோஷம்.

அதன் பிறகு நடந்ததுதான் அழகு. மாஸ்டர் திறப்பைக் கையால் கொடுத்துத் திறந்தால் கோகிரிப்ட்எஃப்எஸ் கான்ஃப் கோப்பைப் பார்க்காது, நாம் சொல்கிற தெரிவுகளை அப்படியே நம்பும். பெயர்களைப் பூட்டவில்லை என்று பொருள்படும் பிளெய்ன்டெக்ஸ்ட்நேம்ஸ் என்ற தெரிவையும், எதையும் எழுதாதே என்கிற ஆர்ஓ தெரிவையும் சேர்த்து, உடைந்த கோப்புறையின் நகலை மட்டும் காட்டித் திறந்தேன். ஒரு பொய் சொல்லித்தான் திறந்தேன் என்று வையுங்கள். பெயர்கள் எல்லாம் அதே விளங்காத எழுத்துக் குவியலாக வந்தன, ஆனால் ஒன்றைச் சொடுக்கினால் கிண்ணியாக் காணி ஒன்றின் உறுதி, முத்திரையோடு, கையெழுத்தோடு. அந்த நேரம் கரண்டும் போனது, லப்டொப் வெளிச்சத்தில் தனிய இருந்து சிரித்தேன். ஒன்று சொல்ல மறந்தேன், மாஸ்டர் திறப்பைக் கட்டளை வரியிலேயே எழுதினால் அந்தக் கணினியைப் பாவிக்கும் மற்றவர்களுக்கும் தெரியும், எஸ்டிடின் என்று கொடுத்து அது கேட்கும்போது தட்டுவதே சரி.

உள்ளடக்கம் வந்துவிட்டது, பெயர் இல்லை. நான் பெயர்களைத் தமிழில்தான் வைப்பேன், ஆளின் முழுப்பெயர், ஊர், உறுதி இலக்கம் என்று நீளமாக. இதனால் இன்னொரு சங்கதியும் வெளிவந்தது, தமிழில் பெயர் வைக்கிறவர்கள் கவனிக்க வேண்டியது. ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட், "கொ" என்றால் இரண்டு குறி, 6 பைட். பெயர் 176 பைட்டைத் தொட்டால், அதாவது ஏறத்தாழ 59 குறி வந்தால், பூட்டிய பெயர் லினக்ஸ் அனுமதிக்கும் 255ஐத் தாண்டிவிடும். அப்போது கோகிரிப்ட்எஃப்எஸ் கோப்புக்குக் கோகிரிப்ட்எஃப்எஸ்.லோங்நேம் என்று தொடங்கும் சுருக்கப் பெயர் வைத்து, உண்மைப் பெயரைப் பக்கத்திலேயே இன்னொரு சிறு கோப்பில் பூட்டி வைக்கும். ஆங்கிலத்தில் பெயர் வைப்பவருக்கு இது எப்போதாவது நடக்கும், எனக்கு மூன்றில் ஒன்று அப்படி. ஆக எங்கள் கோப்புறையில்தான் "குப்பைக் கோப்பு" அதிகமாகத் தெரியும், மருமகன்களின் கையும் அதிகமாக ஊரும்.

இரண்டு இரவு ஒவ்வொன்றாகத் திறந்து பெயர் வைத்தேன். கோப்பின் திகதி பூட்டுக்குள் போவதில்லை, அப்படியே இருக்கும், அதனால் திகதி வாரியாக அடுக்கி, கடைப் பில் புத்தகத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு ஒப்பிட்டேன். மூன்றாம் இரவு பாதியில் மூளை வேலை செய்தது. போன சித்திரையில் பூட்டிய கோப்புறை முழுவதையும் ஒரு பழைய டிஸ்க்கில் நகல் எடுத்தது ஞாபகம் வந்தது. கோப்புகள் பழையவைதான், ஆனால் டிர்ஐவி ஒரு கோப்புறை பிறக்கும்போது உண்டாவது, பிறகு மாறாது. நான்கில் மூன்று கோப்புறை அந்த டிஸ்க்கில் இருந்தன. மூன்று 16 பைட் கோப்பை எடுத்து அதனதன் இடத்தில் போட்டுச் சிரிகாலியில் வழமைபோலத் திறந்தேன், சித்திரைக்குப் பிறகு சேர்த்த கோப்புகள் உட்பட எல்லாப் பெயரும் தமிழில் வந்து நின்றன. 48 பைட். அதற்குத்தான் இரண்டரை இரவு.

இனி அந்த 2017 ஆய்வறிக்கை. கோப்பு உள்ளடக்கத்தைப் பூட்டும் முறையில் நம்பிக்கை வைக்கலாம், ஆனால் பெயர்களுக்கும் கோப்புறை அமைப்புக்கும் அந்த அளவு காவல் இல்லை, பூட்டிய பக்கத்தில் எழுத முடிந்த ஒருவன் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே கோப்புகளை இடம் மாற்றவோ பெயர்களைக் குழப்பவோ முடியும் என்பதுதான் எங்களைப் போன்றவர்களுக்கு அதில் உறைக்கிற விஷயம். குறை என்று ஒத்துக்கொள்கிறேன். என் சேமிப்பை யாரோ வேண்டுமென்றே குழப்புவார்கள் என்று பயப்படும் நிலை எனக்கு இருந்தால் இதைப் பாவிக்கமாட்டேன். ஆனால் என் கோப்புகள் மீண்டதே உள்ளடக்கம் பெயரோடு கட்டப்படாமல் இருந்ததால்தான். கட்டியிருந்தால் பெயரோடு சேர்ந்து உறுதியும் போயிருக்கும். திறப்பு இல்லாதவனுக்கு இந்த இடைவெளியால் ஒரு எழுத்தும் வாசிக்கக் கிடைக்காது, திறப்பு உள்ளவனுக்குப் பின்கதவு மாதிரி உதவியது. எங்கள் சூழலில் திருடனைவிட மழையும் கரண்டும் சொந்தக்காரர்களும்தான் கூடச் சேதம் செய்வது, அதனால் எனக்கு இந்த ஏற்பாடு பொருந்துகிறது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். எத்தனை கோப்பு, ஒவ்வொன்றும் எவ்வளவு பெரியது, எந்தத் திகதி என்பதெல்லாம் வெளியில் தெரியும், அதை மறைக்க வேண்டுமென்றால் எல்லாவற்றையும் ஒரே அளவுத் துண்டுகளாக்கும் கிரைஎஃப்எஸ் பக்கம் போங்கள். டிர்ஐவி என்ற பெயரைப் பார்த்து இது முக்கியமானது என்று ஒரு மனிதனுக்கும் தோன்றாது, "அழிக்காதே" என்று ஒரு சொல் பெயரிலேயே சேர்த்திருந்தால் என்ன. ஜன்னல் வழியாகப் பாவிக்கிறவனுக்குப் பதிவேட்டு வரி கண்ணில் படாதது பற்றி மேலே புலம்பிவிட்டேன். விண்டோஸில் இதே பூட்டைத் திறக்கச் சிபிபிகிரிப்ட்எஃப்எஸ் என்று ஒன்று இருக்கிறது, அன்ட்ரொய்டில் டிரொய்ட்எஃப்எஸ், இரண்டையும் அதிகம் பாவிக்கவில்லை.

ஐந்துக்கு நான்கு. கடவுச்சொல்லை மறக்கிறவர், டெர்மினலைக் கண்டால் ஓடுகிறவர் என்றால் மூன்று, அவர்களுக்கு இதே மாதிரி வேலை செய்யும் கிரிப்டொமேட்டர் சுகம், அதில் பூட்டைப் பரிசோதிக்கும் வசதி ஜன்னலுக்குள்ளேயே இருக்கிறது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் டிர்ஐவிகளையும் கான்ஃப் கோப்பையும் மட்டும் தனியாக ஒரு பென் டிரைவில் எடுக்கிறேன். என்னிடம் 140 கோப்புறை, டிர்ஐவி மொத்தம் 2240 பைட். டிர்ஐவி இரகசியமே இல்லை, எங்கே கிடந்தாலும் பரவாயில்லை, கான்ஃபைத்தான் கொஞ்சம் கவனமாக வைக்க வேண்டும். விண்டோஸ் கணினியிலிருந்து அந்த ஒத்திசைவை எடுத்துவிட்டேன்.

நான்காவது கோப்புறை சித்திரைக்குப் பிறகு தொடங்கியது, அதற்கு டிர்ஐவி எங்கேயும் இல்லை. 87 கோப்பு, இன்னும் 30 சொச்சம் பெயர் வைக்காமல் கிடக்கிறது. போன கிழமை மூதூரிலிருந்து ஒரு அம்மா வந்து, "தம்பி, ஆவணி மாதம் தந்த உறுதி இருக்குதுதானே" என்றார். இருக்குதம்மா, இருங்கோ என்று கதிரையைப் போட்டுவிட்டு ஒவ்வொன்றாகத் திறந்தேன், பதினான்காவதில் அகப்பட்டது. அவருக்கு இரண்டு கொப்பி எடுத்துக் கொடுத்துவிட்டு, மறக்க முதல் அதற்குப் பெயரை வைத்தேன்.